கீழாநெல்லி கற்பிக்கும் பாடம்



மழை பெய்து பத்து நாள் சென்றால் போதும். வாய்க்கால் வரப்பிலும் வீட்டுப் புறக்கடையிலும் வேலி ஓரத்திலும் ஒரு சிறு செடி தானே தலைகாட்டும். அதனை நடுவாரும் இல்லை. அதற்கு நீர் வார்ப்பாரும் இல்லை. பெரும்பாலும் ஒரு முழத்துக்கு மேல் அது வளர்வதில்லை. புளியிலைபோல் சிற்றிலைகள் இருபுறமும் நிரல்பட அமைந்திருக்கும். கிளையைப் புரட்டிப் பார்த்தால், இலைகளுக்கு அடியில் சிறுசிறு பசுங்காய்கள் கோத்த மணிபோல் தொங்கும். ஒவ்வொன்றும் நெல்லிக்காயின் சிற்றுரு. கீழே காய்க்கும் நெல்லி. ஆதலின் அது கீழாநெல்லி.

இப்பெயரை இட்டவன் எந்தக் கல்லூரியிலும் செடியியல் பயின்றவன் அல்லன். ஆனால் அவன் இலையைப் புரட்டிப் பார்த்தவன். மேற்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் பல செடிகளுக்குள் இதனை வேறு பிரித்து அறிந்தவன். இதன் இனத்திலேயே மற்றொன்றை மேலாநெல்லி என்றான். செந்நிறம் படர்ந்த பிறிதொன்றைச் சிவப்புக் கீழாநெல்லி என்றான். முதலில் பார்த்தான்; அடுத்துப் பகுத்தான்; அதன் பிறகே பெயரிட்டான். தமிழ் மருத்துவத்தின் பெருமை இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. 'எங்கள் மூலிகைக்கு ஈடு உண்டோ?' என்று மேடைதோறும் முழங்குவதில் இல்லை.

காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் பாட்டிமார் வாய்மொழி. இன்றோ ஒரு புதிய வினா எழுந்திருக்கிறது. நோய் தீர்க்க உண்ணும் மருந்துகளே சிலபோது கல்லீரலைக் கெடுக்கின்றன. அக்கேட்டிலிருந்து கீழாநெல்லி போன்ற மூலிகைகள் ஈரலைக் காக்குமா? இந்த வினாவுக்கு விடை தேடும் ஆய்வுகள் உலகெங்கும் நடைபெற்றுள்ளன. அவை கூறுவதை விருப்பு வெறுப்பின்றி எண்ணிப் பார்ப்பது தமிழர் கடன்.

ஈரல் என்னும் காவற்காரன்

வயிற்றின் வலப்புற மேற்பகுதியில், விலாவெலும்புகளுக்குள் பொதிந்து கிடக்கிறது கல்லீரல். வளர்ந்த ஒருவரிடம் அதன் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. குடல் உறிஞ்சும் உணவும் மருந்தும் நஞ்சும் பெரும்பாலும் முதலில் ஈரலுக்கே வந்து சேர்கின்றன. ஊர்வாயிலில் நிற்கும் காவற்காரனைப் போல, உள்ளே விடத்தக்கதை விட்டு, மாற்றத்தக்கதை மாற்றி, கழிக்கத்தக்கதைக் கழிக்கும் உறுப்பு அது. வாயிலில் நிற்பவனுக்குத்தானே முதல் அடி விழும்! மருந்தால் வரும் கேட்டில் ஈரல் முன்னிற்பதன் கரணியம் இதுவே.

எல்லார் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் அது நல்ல மருந்து. அதன் பெரும்பகுதியை ஈரல் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே போக்கிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் இடைவழியில் கொடிய நஞ்சாக உருமாறுகிறது. அந்நஞ்சை அடக்குவதற்கென்றே குளூட்டாத்தயோன் என்னும் காவற்பொருள் ஈரலில் இருக்கிறது. அளவோடு உண்டால் காவற்பொருள் வெல்லும். அளவு மிஞ்சினால் காவற்பொருள் தீர்ந்துபோகும், நஞ்சு எஞ்சும், பாடநூல்கள் செல் என்று கூறும் கண்ணறைகள் கூட்டங்கூட்டமாக மடியும். பட்டினி கிடப்பவனிடமும், நாள்தோறும் குடிப்பவனிடமும் அக்காவற்பொருள் குறைந்திருப்பதால் அவர்களுக்குக் கேடும் விரைந்து வரும்.

பாராசிட்டமால் மிகையால் ஈரல் கெட்டவர்களைப் பற்றிய முதற் குறிப்புகள் 1966 ஆம் ஆண்டில் இசுக்காட்லாந்திலிருந்து வந்தன. அடுத்த பத்தாண்டில் அந்நாட்டின் எடின்பரோ நகர மருத்துவர்களே அசிட்டைல்சிசுட்டீன் என்னும் மாற்று மருந்தின் பயனை நிறுவினர். அது ஈரலின் காவற்பொருளை மீண்டும் நிரப்புகிறது. மிகையாக உண்ட எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரலைப் பெரும்பாலும் முழுமையாகக் காத்துவிடுகிறது. கேட்டின் வழியைக் கண்டார்கள். அவ்வழியை அடைக்கும் பொருளைத் தேர்ந்தார்கள். ஆய்வு என்பது இதுதான்.

மற்றொன்று, காசநோய் எனப்படும் என்புருக்கி நோயின் மருத்துவம். ஐசோனியாசிட், இரிபாம்பிசின், பைராசினமைடு ஆகிய மூன்று மருந்துகளும் நோய்க்கு எமன். ஆனால் சிலருடைய ஈரலுக்கும் பகை. இம்மருத்துவ வரலாற்றில் சென்னைக்கு ஓர் உயர்ந்த இடம் உண்டு. 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு நடுவம், நோயாளி தொலைவிலுள்ள மருத்துவமனையில் ஓராண்டு படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு நலம் பெறலாம் என்று 1959 இல் உலகுக்கு மெய்ப்பித்தது. அதனால் ஏழைக் குடும்பங்கள் பல பிழைத்தன. ஆயினும் மருந்துண்ணும்போது காமாலை கண்டால் மருத்துவத்தை இடையில் நிறுத்த வேண்டி வருகிறது. நிறுத்தினால் நோய் மீளும். நிறுத்தாவிட்டால் ஈரல் மாளும். இந்த இருதலைக் கொள்ளியிலிருந்து மீட்கும் மூலிகை ஒன்று கிடைத்தால் அது எத்துணைப் பெரிய பேறு!

எலியைக் காத்தது மாந்தனைக் காக்குமா?

அத்தகைய மூலிகையைத் தேடும் முறை இது. வெள்ளெலிகளை இரண்டு மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நஞ்சையோ மிகையான பாராசிட்டமாலையோ கொடுத்து ஈரலைக் கெடுப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் மூலிகைச் சாறு கொடுப்பார்கள். ஈரல் கெடும்போது அதிலிருந்து குருதிக்குள் கசியும் நொதிகளை அளந்து, எக்கூட்டத்தில் கசிவு குறைந்தது என்று ஒப்பிடுவார்கள். கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் நிலவேம்பும் இத்தேர்வில் நற்பெயர் பெற்றவையே. கீழாநெல்லியிலுள்ள பில்லாந்தின் என்னும் பொருள் எலியின் ஈரற் கண்ணறைகளை நஞ்சிலிருந்து காப்பதாக 1985 இல் வெளிவந்த ஆய்வு கூறியது.

மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் இங்கேயே கைதட்டிவிட்டுக் கலைந்து செல்லலாகாது. மூன்று வினாக்கள் எஞ்சுகின்றன. முதலாவது, இவ்வாய்வுகளுள் பலவற்றில் மூலிகையை முன்னரே ஊட்டிவிட்டுப் பிறகே நஞ்சைக் கொடுக்கிறார்கள். வெள்ளம் வருமுன் கரை கட்டுவது வேறு. ஊருக்குள் புகுந்த வெள்ளத்தை வெளியேற்றுவது வேறு. இரண்டாவது, மருந்தை மாற்றும் ஈரல் நொதிகளை ஒரு மூலிகை தடுத்துவிட்டால், நஞ்சு உருவாவது குறைந்து, ஈரல் காக்கப்பட்டதுபோல் தோன்றும். அதே தடை, நோயாளி உண்ணும் வேறொரு மருந்து கழியாமல் உடலில் தேங்குவதற்கும் வழியாகிவிடும். மூன்றாவது, எலி எலியே, மாந்தன் மாந்தனே.

ஐரோப்பாவின் நடுநிலக்கடற் பகுதியில் இலைகளில் பால்போன்ற வெண்வரிகள் ஓடும் ஒரு முட்செடி உண்டு. அதுவும் ஈரலுக்கு நல்லதென்று அங்குள்ள பாட்டிமார் சொல்லி வந்ததே. செருமானிய நாட்டு மூனிச்சு நகர ஆய்வாளர்கள் 1968 இல் அதன் விதையிலிருந்து சிலிமாரின் என்னும் பொருட்கூட்டைப் பிரித்தெடுத்தனர். அதிலுள்ள சிலிபினின் கொடிய நச்சுக் காளானைத் தின்றவர்களுக்கு ஊசி வழியாகச் செலுத்தப்படும் மருந்தாகவே ஐரோப்பாவில் பயன்பட்டு வருகிறது. ஆனால் அதே சிலிமாரினை, நாட்பட்ட ஈரலழற்சியுள்ள 154 பேரிடம் அமெரிக்கர் தேர்ந்து பார்த்தபோது, வெற்று மருந்தைவிட அது மிகுபயன் தரவில்லை என்று 2012 இல் அறிவித்தனர். வென்ற இடத்தையும் சொன்னார்கள். தோற்ற இடத்தையும் மறைக்காமல் சொன்னார்கள். அதனால் அச்செடியின் மதிப்புக் குறையவில்லை. அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பது தெளிவாயிற்று.

சென்னையில் நடந்த தேர்வு

கீழாநெல்லிக்கும் அப்படி ஒரு தேர்வு நடந்தது. அதுவும் சென்னையிலேயே நடந்தது. பி வகை ஈரலழற்சியை உண்டாக்கும் நச்சுயிரியைக் கண்டறிந்ததற்காக 1976 இல் நோபெல் பரிசு பெற்றவர் அமெரிக்க அறிஞர் பாரூக்கு புளூம்பெர்கு. அவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் எசு.பி. தியாகராசனும் உடனாய்வாளரோடு சேர்ந்து இந்தச் செடியை எடுத்துக்கொண்டனர். இது மருந்தால் வரும் கேடு பற்றிய ஆய்வன்று, நச்சுயிரி பற்றியது. ஆயினும் ஒரு மூலிகையை மாந்தரிடம் நேர்மையாகத் தேர்வது எப்படி என்பதற்கு இதைவிட அண்மையான சான்று தமிழர்க்கு இல்லை.

நச்சுயிரியைத் தாங்கி நின்ற 78 பேரை இரண்டாகப் பிரித்தனர். ஒரு சாராருக்குக் கீழாநெல்லி. மறு சாராருக்கு வெற்று மருந்து. முப்பது நாள் கொடுத்து, பிறகு குருதியை ஆய்ந்தனர். கீழாநெல்லி உண்டு மீண்டும் ஆய்வுக்கு வந்த 37 பேருள் 22 பேரிடம் நச்சுயிரியின் அடையாளம் மறைந்திருந்தது. அதாவது 59 விழுக்காடு. வெற்று மருந்து உண்டு வந்த 23 பேருள் ஒருவரிடம் மட்டுமே மறைந்திருந்தது. 1988 இல் இலண்டனிலிருந்து வரும் இலான்செட்டு மருத்துவ இதழில் இம்முடிவு வெளியானதும் உலகமே கீழாநெல்லியைத் திரும்பிப் பார்த்தது.

அத்தோடு கதை முடிந்திருந்தால் இனிக்கும். 1990 இல் தாய்லாந்திலும் 1994 இல் நியூசிலாந்திலும் மற்றவர்கள் தேர்ந்தபோது அப்பயன் கிட்டவில்லை. பல ஆய்வுகளை ஒருங்கே வைத்து நிறுத்துப் பார்த்த 2011 ஆம் ஆண்டின் மதிப்பீடும், உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது. செடி விளைந்த மண், பறித்த பருவம், பதப்படுத்திய முறை ஆகியவற்றின் வேறுபாடு இதற்குக் கரணியமாகலாம் என்ற கருத்தும் ஆய்வாளரிடையே எழுந்தது. எப்படியாயினும், 1988 ஐ மட்டும் மேடையில் முழங்கிவிட்டு மற்ற ஆண்டுகளை மறைப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

மற்றோர் உண்மையையும் இங்கே சொல்ல வேண்டும். தூய்மையற்ற நீராலும் உணவாலும் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலோர்க்குச் சில கிழமைகளில் தானே தீர்ந்துவிடுகிறது. அப்போது உண்டது எதுவோ அதற்கே புகழ் சேர்கிறது. தீர்த்தது செடியா, உடலா? மருந்துண்டாரையும் உண்ணாதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய விடை கிடைக்காது.

பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்

இனித் தமிழ்ப் பற்றாளர் உள்ளத்தில் ஆழப் பதிய வேண்டிய செய்தி. கொச்சியில் இருந்த ஒல்லாந்து ஆட்சியாளர் வான் இரீடு, அந்நாட்டு மருத்துவர் இட்டி அச்சுதன் முதலானோர் துணைகொண்டு தொகுத்த மலையாளச் செடிநூல் 1678 முதல் 1693 வரை ஆம்சுட்டர்டாமில் 12 மடலங்களாக வெளிவந்தது. அதில் கீழாநெல்லி, 'கிர்கனெலி' என்ற வடிவில் இடம்பெற்றது. தமிழும் மலையாளமும் பொதுவாகப் போற்றிய அப்பெயர், கிர்கனெலியா என்று ஐரோப்பியர் செடியியலில் ஓர் இனப்பெயராகவே ஏறியது. புரட்டிப் பார்த்து இட்ட ஒரு நாட்டுப்புறப் பெயர் இலத்தீன் நூலுக்குள் குடிபுகுந்த வரலாறு இது. மேலாநெல்லிக்கு இலின்னேயசு இட்ட செடியியற் பெயரிலோ சென்னைப்பட்டினத்தின் பெயரே ஒலிக்கிறது.

ஆனால் பின்னாளில் குழப்பம் விளைந்தது. இந்தியக் கீழாநெல்லியைப் பில்லாந்தசு நிரூரி என்றே நெடுங்காலம் நூல்கள் எழுதி வந்தன. நிரூரி என்பதோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. அது இங்கே விளைவதே இல்லை. அப்பெயரின் கீழ் இங்கே கலந்து கிடந்தவை பில்லாந்தசு அமாரசு முதலிய மூன்று வெவ்வேறு இனங்கள் என்று 1985 இல் செடியியல் அறிஞர் எடுத்துக்காட்டினர். புளூம்பெர்கு குழுவினரின் 1987 ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிரூரி என்று அச்சேறியது, 1988 இல் அமாரசு என்று திருந்தியது. அமாரசு என்றால் கசப்பு. பூவிதழ் ஐந்தா ஆறா என்று எண்ணிப் பார்த்துப் பிரிக்க வேண்டிய அளவுக்கு இவ்வினங்கள் ஒன்றையொன்று ஒத்தவை.

இது பண்டிதர் பூசல் அன்று. ஈரலைக் காக்கும் பொருளின் அளவு இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. தென்னிந்தியாவின் 25 மூலிகைக் கடைகளில் வாங்கிய சரக்கை ஆய்ந்து 2010 இல் வெளியிட்ட முடிவின்படி, 76 விழுக்காட்டுக் கடைகளில் இருந்தது கலப்பற்ற அமாரசு. எஞ்சிய கடைகளில் வேறு ஐந்து இனங்கள் காணப்பட்டன. அவற்றுள் மேலாநெல்லியும் சிவப்புக் கீழாநெல்லியும் அடங்கும். நான்கு கடைகளுள் ஏறத்தாழ ஒன்றில், கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு! முன்னோர் தனித்தனிப் பெயரிட்டுப் பிரித்து வைத்ததைக் கடைச்சாக்கு ஒன்றாகக் கலந்துவிட்டது.

சொல்லை இழந்தவன் பொருளையும் இழப்பான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? 'மூலிகைப் பொடி' என்று பொதுப்படச் சொல்லி விற்கும் வாயும், 'ஏதோ ஒரு பச்சிலை' என்று வாங்கி விழுங்கும் வாயும் ஒரே குற்றத்தின் இரு பங்காளிகள்.

மூலிகையும் மருந்தே

'இயற்கைப் பொருளால் தீங்கு வாராது' என்பது தமிழ் மருத்துவத்தின் கொள்கை அன்று, விளம்பரக்காரரின் கொள்கை. எட்டியும் அரளியும் இயற்கைதாமே! சித்த மருத்துவ நூல்கள் சரக்குகளைத் தூய்மை செய்யும் முறையையும், உண்ணும் அளவையும், துணைமருந்தையும், பத்தியத்தையும் தனித்தனியே வகுத்திருப்பது எதற்காக? மருந்தில் நஞ்சும் உண்டு என்பதை அறிந்ததனால். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் உள்ள பத்துக் குறள்களுள் பெரும்பகுதி உணவின் அளவையே வற்புறுத்துகிறது. உணவுக்கே அளவு வேண்டும் என்றவர் வழிவந்தோர், மருந்துக்கு அளவு வேண்டாம் என்பரோ?

கொரோனாப் பெருந்தொற்றின்போது நோய் தடுக்கும் என்று நம்பிப் பலரும் சீந்திற்கொடியைக் காய்ச்சிக் குடித்தனர். சீந்தில் உண்ட ஆறு பேருக்கு ஈரல் அழன்றதை மும்பை மருத்துவர்கள் 2021 இல் வெளியிட்டனர். 2022 இல் 13 மருத்துவ நடுவங்கள் சேர்ந்து 43 நோயாளிகளைப் பற்றி எழுதின. இந்திய மருத்துவ முறைகளுக்கான நடுவண் அமைச்சகமோ இதனை மறுத்து, அவர்கள் உண்டது ஒத்த தோற்றமுள்ள வேறோர் இனமாக இருக்கலாம் என்றது. பாருங்கள்! இங்கும் 'உண்டது எந்தச் செடி?' என்ற வினாவே முன் வந்து நிற்கிறது. ஈரலைக் காப்பது என்று பெயர் பெற்ற ஒரு கொடியே சிலர் ஈரலைத் தாக்கியது என்ற ஐயம் எழுந்துவிட்டபின், அதை ஆய்ந்து தெளிவது பகைமை அன்று, கடமை.

செய்ய வேண்டுவன

ஆதலின், தமிழ் மருத்துவத்தை நேசிப்போர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில.

காசநோய்க்கோ வேறு நோய்க்கோ மருந்துண்பவர் எவரும், மூலிகை ஈரலைக் காக்கும் என்ற துணிவில் மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. மூலிகையைத் தாமே சேர்க்கவும் கூடாது. கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால், பசி அற்றுக் குமட்டினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். உண்ணும் பச்சிலை எதுவாயினும் அவரிடம் ஒளிக்காமல் கூற வேண்டும். பாராசிட்டமால், வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளில் நான்கு கிராம் என்ற வரம்பைத் தாண்டலாகாது. சளிக்கும் உடல்வலிக்கும் விற்கும் கூட்டு மாத்திரைகளிலும் அதே மருந்து ஒளிந்திருப்பதை உறையில் படித்து அறிய வேண்டும். அவ்வுறை தமிழில் இருந்தால் படிப்பவர் தொகை பெருகும், உயிர்களும் பிழைக்கும். மருந்துறையில் தமிழ் வேண்டும் என்று கேட்பது வெறும் மொழிப்பற்று அன்று, உயிர்ப்பற்று.

மூலிகை விற்போர், பொதியின்மேல் தமிழ்ப்பெயரையும் செடியியற் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். பாளையங்கோட்டையிலும் தாம்பரத்திலும் பயிலும் சித்த மருத்துவ மாணவர்கள் ஓலையைப் படிப்பதோடு ஆய்வுக் குழாயையும் கையில் எடுக்க வேண்டும். தேர்வில் வென்றது எது, தோற்றது எது என்று இரண்டையும் நல்ல தமிழில் நூலாக்க வேண்டும். தமிழாசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, ஊர்ச் செடிகளின் பெயரை ஊர்ப் பெரியவர் வாயால் கேட்டு எழுதச் செய்ய வேண்டும். அப்பெயர்களை அறிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது.

தேர்வுக்கு அஞ்சும் பொன், பொன் ஆகாது. உரைகல்லில் உரைத்தபின் எஞ்சுவதே தமிழ் மருத்துவத்தின் உண்மைச் செல்வம். அது சிறிதாயினும் உலகம் அதனை ஏற்கும். ஏழை நோயாளி ஒருவனின் ஈரலையும் அது உண்மையாகவே காக்கும். உரைக்க மறுத்து, எல்லாம் பொன்னே என்று கூவிக்கொண்டிருந்தால், உள்ள பொன்னும் பித்தளையோடு சேர்ந்து குப்பைக்குப் போகும்.

இலையைப் புரட்டிப் பார்த்துப் பெயரிட்டவன் தமிழன். அவன் வழிவந்தோர் இலையைப் புரட்டாமலே புகழ் பாடுவது முறையாகாது. பார்ப்போம், பகுப்போம், மெய்ப்பிப்போம், பிறகு உரக்கச் சொல்வோம்!

வாழ்க தமிழ்! வளர்க தமிழறிவு!